கேண்டர், 12 டிசம்பர் 1985: படைவீரர்களுடன் புறப்பட்ட சார்ட்டர் விமானம் – ஒரு நிகழ்வு ஆய்வு

கனடா மண்ணில் இன்றுவரை நடந்த விமான விபத்துகளில் அதிக உயிர்களைப் பலிகொண்டது இதுதான். அமெரிக்கப் படைவீரர்கள் 248 பேர், விமானப் பணியாளர்கள் 8 பேர், மொத்தம் 256 பேர். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. போர் முடிந்து வந்தவர்கள் அல்ல, அமைதி காக்கப் போனவர்கள். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருந்தது. ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

இந்த விபத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் விமானத்தை வீழ்த்தியது 'குண்டா, இறக்கையில் படிந்த பனியா' என்ற கேள்வியிலேயே சிக்கிக்கொள்கிறது. அந்தக் கேள்விக்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பதில் கிடைக்கவில்லை. ஆனால் விமானம் ஓடுபாதையில் ஓடத் தொடங்கும் முன்பே பல தவறுகள் நடந்து முடிந்திருந்தன. அவற்றில் எதையும் சரிசெய்ய, விபத்தின் இறுதிக் காரணம் தெரியும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தத் தவறுகளையும், காரணத்தைப் பற்றிய சண்டை அவற்றை எப்படி மறைத்தது என்பதையும்தான் இங்கே எழுதுகிறேன். விமானிகள், விசாரணை உறுப்பினர்கள், சாட்சிகள் ஆகியோரின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் 1979-இல் ஏற்பட்ட அமைதி ஒப்பந்தத்தை மேற்பார்வையிட, 1982 முதல் சினாய் தீபகற்பத்தில் ஒரு பன்னாட்டுப் படை இருக்கிறது. ஐ.நா. அமைப்புக்கு வெளியே உருவான இந்தப் படையின் தலைமையகம் ரோமில். அமெரிக்கா தன் பங்காக ஒரு காலாட்படைப் பட்டாலியனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றி அனுப்பிவந்தது. 1985-இன் இரண்டாம் பாதியில் அங்கிருந்தவர்கள் 101-ஆம் வான்வழிப் படைப்பிரிவைச் சேர்ந்த, கென்டக்கி மாநிலத்தின் ஃபோர்ட் கேம்ப்பெல் தளத்து வீரர்கள்.

பணி முடிந்ததும் பட்டாலியனைத் தவணை தவணையாக ஊருக்குக் கொண்டுவர ஏற்பாடு. விமானத்தை வாடகைக்கு அமர்த்தியது அமெரிக்க ராணுவம் அல்ல, அந்தப் பன்னாட்டுப் படை. விமானத்தை ஓட்டியது மயாமியைத் தலைமையிடமாகக் கொண்ட ஏரோ ஏர் என்ற நிறுவனம். விமானம் நான்கு எஞ்சின் கொண்ட டிசி-8, அதன் நீளமான 63 வரிசை. பயணிகளையோ சரக்கையோ ஏற்றிச்செல்லும்படி மாற்றிக்கொள்ளக்கூடிய வகை.

இந்த அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வீரர்கள் ஒரு நாட்டு ராணுவம். ஒப்பந்தம் போட்டது வேறொரு அமைப்பு. ஓட்டியது தனியார் நிறுவனம். அதற்கு உரிமம் கொடுத்துக் கண்காணித்தது அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம். வழியில் தரையில் கவனித்துக்கொண்டவர்கள் ஒவ்வொரு ஊரிலும் வேறு ஆட்கள். 'உரிமம் இருக்கிறதே, அப்புறம் என்ன?' என்ற நம்பிக்கையில் ஒவ்வொருவரும் அடுத்தவரை நம்பிக்கொள்ள முடிகிற ஏற்பாடு இது. தங்கள் வீரர்கள் ஏறப்போகும் விமானத்தையும் அதை நடத்தும் நிறுவனத்தையும் ராணுவமே நேரில் போய்ச் சோதிக்கும் முறையான நடைமுறை அப்போது இல்லை.

கெய்ரோவிலிருந்து கேண்டருக்கு

டிசம்பர் 11 அன்று சினாயிலிருந்து வீரர்கள் கெய்ரோவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். கிரீன்விச் நேரப்படி இரவு 8:35-க்கு டிசி-8 கெய்ரோவிலிருந்து கிளம்பியது. அதிகாலை 1:21-க்கு மேற்கு ஜெர்மனியின் கொலோன் நகரில் இறங்கியது. அங்கே பணியாளர் குழு மாறியது. கடைசிவரை விமானத்தில் இருந்தது அந்தப் புதிய குழுதான். 2:50-க்குக் கொலோனை விட்டுக் கிளம்பி, ஆறு மணி நேரத்துக்கும் மேல் அட்லாண்டிக்கைக் கடந்து, 9:04-க்கு நியூஃபவுண்ட்லாந்து தீவின் கேண்டரில் எரிபொருள் நிரப்ப இறங்கியது. கேண்டர் நேரப்படி அது விடிகாலை 5:34. டிசம்பர் மாதத்தில் அந்த ஊரில் அந்த நேரத்தில் நல்ல இருட்டு.

சிறிய ஊர் என்றாலும் கேண்டருக்கு இது பழகிய வேலை. அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்கள் எரிபொருளுக்காக இறங்கும் இடமாக அது பல பத்தாண்டுகளாக இருந்தது. குளிர்காலப் பனியும் அங்குள்ளவர்களுக்குப் புதிதல்ல.

கேண்டரில் ஒரு மணி நேரம் பத்து நிமிடம்

வீரர்கள் இறங்கி முனையத்துக்குள் போனார்கள். விமானத்தில் எரிபொருள் நிரப்பப்பட்டது. விமானப் பொறியாளர் வெளியே இறங்கி விமானத்தைச் சுற்றிவந்து பார்த்தார். வெப்பநிலை மைனஸ் 4 டிகிரி செல்சியஸ் அளவில். விழுந்த இடத்திலேயே உறைந்துவிடும் மெல்லிய தூறலும், மணல்மணி போன்ற பொடிப்பனியும் அந்த இடைவெளியில் பெய்தன. தரையில் பார்ப்பவர்களுக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றியிருக்காது. தூரப் பார்வை நன்றாகவே இருந்தது, புயல் இல்லை, ஓடுபாதை மூடப்படவில்லை.

ஆனால் இறக்கைக்கு அது வேறு கதை. விமானம் மேகத்தினூடே இறங்கி வந்தபோதே இறக்கையின் முன்விளிம்பில் பனி படிந்திருக்கலாம். தரையில் நின்ற ஒரு மணி நேரத்துக்கு மேல் அதன் மேற்பரப்பில் தூறல் விழுந்து உறைந்திருக்கலாம். இரண்டும் சேர்ந்தால் பார்வைக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய, ஆனால் சொரசொரப்பான ஒரு படலம்.

டிசி-8-இன் இறக்கை தரையிலிருந்து ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கிறது. கீழே நின்று டார்ச் அடித்தால் தெரிவது இறக்கையின் அடிப்பகுதி. ஆபத்து உட்கார்ந்திருப்பதோ மேற்பரப்பில். அதைப் பார்க்க ஏணியோ தூக்கியோ வேண்டும், அல்லது கேபினில் இறக்கைக்கு நேரான ஜன்னலுக்குப் போய் விளக்கு அடித்துப் பார்க்க வேண்டும். கண்ணாடி போன்ற பனியாக இருந்தால் அப்படிப் பார்த்தாலும் ஏமாந்துபோகலாம். கையால் தடவிப் பார்த்தால்தான் தெரியும். விமானத்தைச் சுற்றி வேலை செய்த தரைப்பணியாளர்கள் பனியைக் கவனிக்கவில்லை என்றுதான் பிறகு சொன்னார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நினைக்க எந்தக் காரணமும் இல்லை. இறக்கையின் மேற்பரப்பைப் பார்ப்பது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை அல்ல. 'பனியைப் பார்க்கவில்லை' என்பதை 'பனி இல்லை' என்று எடுத்துக்கொள்ள முடியாது. பிறகு நடந்த விவாதம் முழுவதும் இந்த வேறுபாடு அடிக்கடி காணாமல் போனது.

டி-ஐசிங் செய்யப்படவில்லை. அதாவது, பனியைக் கரைக்கும் சூடான திரவத்தை இறக்கையில் பீய்ச்சியடிக்கும்படி விமானக் குழுவிலிருந்து யாரும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று சொல்ல விமானி அறையில் இருந்தவர்கள் யாரும் உயிருடன் இல்லை. ஊகிக்கலாம்: பொடிப்பனி ஒட்டாமல் உதிர்ந்துவிடும் என்று நினைத்திருக்கலாம், நீண்ட இரவுப் பயணத்துக்குப் பிறகு களைப்பு இருந்திருக்கலாம். அன்றைய விதிகள் இந்தத் தீர்மானத்தை முழுக்க கேப்டனின் கண்ணுக்கும் அனுபவத்துக்கும் விட்டிருந்தன என்பது மட்டும் நிச்சயம். இறக்கையில் பனி ஒட்டியிருக்கும்போது மேலெழும்பக் கூடாது என்ற அமெரிக்க விதி அப்போதே இருந்தது. ஒட்டியிருக்கிறதா என்று யார், எப்படி, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதற்குத்தான் கட்டாய நடைமுறை இல்லை.

எடைக் கணக்கு

வானிலையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு இந்த விபத்தில் அதிகம் உறுத்துவது எடைக் கணக்குதான். இங்கே எந்த மர்மமும் இல்லை. பெருக்கல் தெரிந்தால் போதும்.

ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு லோடு ஷீட் போடுவார்கள். விமானத்தின் வெற்று எடை, எரிபொருள், சரக்கு, பயணிகள் எல்லாம் கூட்டி மேலெழும்பும் எடை வரும். அந்த எடையை வைத்துத்தான் எந்த வேகத்தில் மூக்கைத் தூக்க வேண்டும், எந்த வேகத்தில் பாதுகாப்பாக ஏறலாம் என்று கணக்கிடுவார்கள். பயணிகளை ஒவ்வொருவராக நிறுத்து எடை போடும் வழக்கம் பெரிய விமானங்களில் இல்லை. ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு சராசரியை வைத்துப் பெருக்கிக்கொள்வார்கள்.

இந்தப் பயணத்தில் அந்தச் சராசரி ஆளுக்கு 170 பவுண்டு, அதாவது சுமார் 77 கிலோ. கோடை விடுமுறைக்குப் போகும் குடும்பங்களும் குழந்தைகளும் கலந்த கூட்டத்துக்கு அது சரியாக இருக்கலாம். இங்கே ஏறியிருந்தவர்கள் இருபதுகளில் இருந்த, உடற்பயிற்சி செய்து உரமேறிய காலாட்படை வீரர்கள். பூட்ஸ், சீருடை, கைப்பை, கூடவே துப்பாக்கி. விசாரணையில் மறுபடி கணக்குப் போட்டபோது ஆளுக்குச் சுமார் 220 பவுண்டு, அதாவது 100 கிலோ வந்தது.

ஓர் ஆளுக்கு வித்தியாசம் 50 பவுண்டு. 248 ஆளுக்கு 12,400 பவுண்டு. ஐந்தரை டன்னுக்கு மேல் எடை காகிதத்தில் இல்லாமலே விமானத்தில் ஏறியிருந்தது.

இந்தக் கூடுதல் எடை மட்டும் விமானத்தை வீழ்த்தியிருக்காது. டிசி-8-63 அதைவிடக் கனமாகவும் பறக்க வல்லது. ஆனால் காகிதத்தில் எடை குறைந்தால் கணக்கிடும் வேகமும் குறையும். இடிபாடுகளில் கிடைத்த, துணை விமானியின் வேகமானியில் வைத்திருந்த குறிமுட்களும் உண்மையான எடைக்கு உரிய வேகத்தைவிடக் குறைவான வேகத்தைக் காட்டின. அதாவது, விமானம் தேவையான வேகத்தை எட்டுவதற்குச் சற்று முன்பே மூக்கைத் தூக்கும் வாய்ப்பு. சுத்தமான இறக்கையாக இருந்திருந்தால் பாதுகாப்புக்காக விட்டுவைத்திருக்கும் இடைவெளி அதைத் தாங்கியிருக்கும். பனி படிந்த இறக்கைக்கு அந்த இடைவெளி ஏற்கெனவே தீர்ந்துபோயிருக்கும்.

ராணுவத்தில் இருப்பவர்களுக்குத் தங்கள் ஆட்களின் எடையும் மூட்டைகளின் எடையும் தெரியாததல்ல. பாராசூட்டில் குதிக்க வைக்கும்போதும் ஹெலிகாப்டரில் ஏற்றும்போதும் எடை பார்த்துத்தான் ஏற்றுகிறார்கள். அந்தத் தகவல் சார்ட்டர் விமானத்தின் லோடு ஷீட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

ஓடுபாதையில்

உள்ளூர் நேரம் காலை 6:45. ஓடுபாதை 22. பிரேக்கை விட்டு 51 விநாடிகளில் மூக்கு தூக்கப்பட்டது. விமானம் தரையை விட்டுக் கிளம்பியது. வேகம் 172 நாட், அதாவது மணிக்குச் சுமார் 318 கிலோமீட்டர் வரை போனது. அப்புறம் ஏறுவதற்குப் பதிலாக வேகம் சரசரவென்று குறையத் தொடங்கியது.

ஓடுபாதை முடிந்து சிறிது தூரத்தில் கனடாவின் குறுக்கே போகும் நெடுஞ்சாலை. அதன் மேல் விமானம் மிகத் தாழ்வாகக் கடந்தது. சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த சிலர் அதைப் பார்த்தார்கள். விமானத்தின் அடிப்பகுதியில் மஞ்சளும் ஆரஞ்சுமான வெளிச்சம் தெரிந்ததாக அவர்களில் சிலர் பிறகு சொன்னார்கள். சாலையைத் தாண்டியதும் நிலம் கேண்டர் ஏரியை நோக்கிச் சரிகிறது. மூக்கு உயர்ந்து, வலப்பக்கம் சாய்ந்த நிலையில் விமானம் மரங்களை வெட்டிக்கொண்டு அந்தச் சரிவில் இறங்கியது. ஆளில்லாத ஒரு கட்டடத்தில் மோதிச் சிதறியது. தொட்டி நிறைய எரிபொருள் இருந்ததால் பெரும் தீ பற்றிக்கொண்டது. ஓடுபாதை முனையிலிருந்து அந்த இடம் ஒரு கிலோமீட்டருக்குள்.

மூக்கு மேலே இருந்தும் விமானம் கீழே போவது, இறக்கை தன் தூக்குவிசையை, அதாவது விமானத்தை மேலே தாங்கும் விசையை, இழந்துவிட்டதைக் காட்டும் நிலை. விமானிகள் அதை ஸ்டால் என்பார்கள். உயரம் இருந்தால் மூக்கைத் தாழ்த்தி வேகம் பிடித்து மீளலாம். மரத்து உயரத்தில் அதற்கு இடமில்லை.

இறக்கையில் ஓர் உப்புத்தாள் அளவுப் பனி

பனி என்றதும் பலர் நினைப்பது எடையை. உண்மையில் எடை சிறிய பிரச்சினை. இறக்கையின் மேற்பரப்பில் காற்று வழுக்கிக்கொண்டு போக வேண்டும். உப்புத்தாளின் சொரசொரப்பு அளவுக்குப் பனி படிந்தாலே தூக்குவிசை 30 சதவீதம்வரை குறையலாம், விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் இழுவிசை 40 சதவீதம்வரை கூடலாம் என்பது விமானத் துறையில் இன்று பாடமாகச் சொல்லப்படும் கணக்கு. தேய்க்கும் உப்புத்தாளைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் மணிகள் அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல் விமானியின் கைக்கு வரும் எச்சரிக்கையில் இருக்கிறது. ஸ்டால் நெருங்கும்போது பிடியை அதிரவைக்கும் கருவி சுத்தமான இறக்கையை வைத்து அளவிடப்பட்டது. பனி படிந்த இறக்கை அதற்கு முன்பே காற்றை விட்டுவிடும். எச்சரிக்கை வரும்போது விமானம் ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கலாம். மேலும் டிசி-8 இறக்கையின் முன்விளிம்பில், இன்றைய பெரிய விமானங்களில் இருப்பதுபோல் முன்னுக்கு நீண்டு தூக்குவிசையைக் கூட்டும் தகடுகள் கிடையாது. அவை இல்லாத இறக்கைகளைப் பனி சீக்கிரம் கெடுத்துவிடும்.

விசாரணையும் பிளவும்

விசாரித்தது கனடாவின் விமானப் பாதுகாப்பு வாரியம். 1984-இல்தான் தொடங்கப்பட்ட அமைப்பு. இவ்வளவு பெரிய விபத்து அதற்கு முதல் சோதனை. கையில் கிடைத்த சான்றுகளும் மெலிந்தவை. விமானி அறைப் பேச்சுகளைப் பதியும் கருவியின் மைக்ரோஃபோன் வேலை செய்யவில்லை. கடைசி நிமிடங்களில் விமானிகள் பேசிக்கொண்டது எதுவும் கிடைக்கவில்லை. பறப்புத் தரவைப் பதிவுசெய்யும் கருவி உலோகத் தகட்டில் ஊசியால் கீறும் பழைய வகை: உயரம், வேகம், திசை, செங்குத்து முடுக்கம் என்று சில அளவுகள் மட்டும், அதுவும் தெளிவில்லாமல். எஞ்சின்கள் எப்படி ஓடின, பிடி எந்தப் பக்கம் இருந்தது என்பதெல்லாம் இடிபாடுகளைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டியிருந்தது.

விபத்து நடந்த அன்றே, இஸ்லாமிக் ஜிஹாத் என்ற ஆயுதக் குழுவின் பெயரில் பெய்ரூட்டிலிருந்து ஒருவர் செய்தி நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசி, தாங்களே செய்ததாகச் சொன்னார். அமெரிக்க, கனடா அரசுகள் அதை உடனே ஒதுக்கிவிட்டன. லெபனானில் அமெரிக்கர்கள் பணயக் கைதிகளாக இருந்த காலம். அரசுகள் உண்மையை மறைக்கின்றன என்ற சந்தேகம் அன்றே முளைவிட்டது. இறந்தவர்களின் குடும்பங்களில் சிலருக்கு அது கடைசிவரை தீரவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1988 டிசம்பரில் அறிக்கை வெளிவந்தது. ஒன்பது உறுப்பினர்களில் ஐந்து பேர் ஒரு பக்கம், நான்கு பேர் மறுபக்கம்.

ஐவர் சொன்னது: நடந்தவற்றின் சரியான வரிசையை உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் தரையைவிட்டுக் கிளம்பியவுடன் இழுவிசை கூடி, தூக்குவிசை குறைந்து, மீள முடியாத உயரத்தில் விமானம் ஸ்டாலுக்குப் போனது என்பதையே சான்றுகள் ஆதரிக்கின்றன, அதற்கு மிகவும் சாத்தியமான காரணம் இறக்கையின் முன்விளிம்பிலும் மேற்பரப்பிலும் படிந்த பனி. நான்காம் எண் எஞ்சினின் உந்துவிசைக் குறைவும், பொருத்தமில்லாத வேகக் கணக்கும் நிலைமையை மோசமாக்கியிருக்கலாம்.

நால்வர் சொன்னது: பனி படிந்ததற்கு நேரடிச் சான்று இல்லை. விமானத்துக்குள் தீப்பிடித்திருக்கலாம், காரணம் தெரியாத ஒரு வெடிப்பு அதைத் தொடங்கியிருக்கலாம், அதனால் விமானத்தின் முக்கிய அமைப்புகள் செயலிழந்திருக்கலாம். சாலையில் சென்றவர்கள் பார்த்த வெளிச்சமும், சில உடல்களில் புகை நஞ்சு இருந்ததும் அவர்களது வாதத்தின் முக்கியமான தூண்கள். அந்த நஞ்சு தரையில் மோதிய பிறகு எரிந்த தீயில் வந்தது என்றார்கள் ஐவர்.

என் கணிப்பு ஐவரின் பக்கம். வேகம் கூடி, பிறகு குறைந்து, மூக்கு உயர்ந்த நிலையில் இறங்கிய விதம் ஸ்டாலோடு பொருந்துகிறது. வானிலையும் பொருந்துகிறது. ஆனால் நால்வரைக் கதைகட்டுபவர்கள் என்று ஒதுக்குவது நியாயமல்ல. சான்று மெலிந்திருக்கும்போது அதை மெலிந்தது என்று சொல்வது விசாரணையாளரின் கடமை, அதைச் செய்தார்கள். தவறு எங்கே நடந்தது என்றால், வாரியத்துக்குள் கருத்து வேறுபாடு பகையாக முற்றி, பொதுவெளியில் சண்டையாக வெடித்ததில். இரு தரப்பும் ஒப்புக்கொள்ளக்கூடியவை நிறைய இருந்தன: மேற்பரப்பை யாரும் சோதிக்கவில்லை, எடைக் கணக்கு தவறு, பேச்சுப் பதிவுக் கருவி வேலை செய்யவில்லை. இவற்றை ஒன்பது பேரும் சேர்ந்து முதல் ஆண்டிலேயே உரக்கச் சொல்லியிருக்கலாம்.

டிரைடன், 1989

அறிக்கை வெளிவந்து மூன்று மாதம். 1989 மார்ச் 10. அதே கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தின் டிரைடன் என்ற ஊரில் ஏர் ஒன்டாரியோவின் எஃப்-28 விமானம் பனி பெய்துகொண்டிருக்கும்போது புறப்பட்டு, ஓடுபாதையைத் தாண்டிய உடனே காட்டுக்குள் விழுந்தது. 69 பேரில் 24 பேர் இறந்தார்கள். இங்கே சான்றுக்குப் பஞ்சமில்லை. பிழைத்தவர்கள் இறக்கையில் பனி படிந்திருந்ததைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். பணியில் இல்லாமல் பயணிகளாக வந்திருந்த விமானிகளும் அதைக் கவனித்திருந்தார்கள். யாருடைய எச்சரிக்கையும் கேப்டனுக்குப் போய்ச் சேரவில்லை.

அந்த விமானத்தில் எஞ்சினைத் தொடங்க உதவும் துணை மின்கருவி பழுதாகி இருந்தது. டிரைடனில் எஞ்சினைத் தொடங்கிவைக்கத் தரைக் கருவி இல்லை. ஒரு எஞ்சினை ஓடவிட்டபடியே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. எஞ்சின் ஓடும்போது டி-ஐசிங் செய்யக் கூடாது என்பது விதி. ஆக, டி-ஐசிங் நடக்கவில்லை.

கேண்டருக்கும் டிரைடனுக்கும் இடையே 39 மாதங்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. இந்த இடைவெளியில், பனி படிந்த இறக்கையோடு புறப்படுவதைத் தடுக்கும் கறாரான விதி கனடாவில் வந்திருந்தால், டிரைடனில் ஒரு கேப்டனுக்கு 'இல்லை, நிற்கட்டும்' என்று சொல்ல ஒரு துணை கிடைத்திருக்கும்.

டிரைடன் விபத்தை வாரியத்தின் கையிலிருந்து எடுத்து, நீதிபதி வெர்ஜில் மோஷன்ஸ்கி தலைமையில் தனி ஆணையம் அமைத்தார்கள். கேண்டர் அறிக்கைக்கு எழுந்த எதிர்ப்பு அடங்காததால், ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லர்ட் எஸ்டியிடம் அதை மறுபார்வைக்குக் கொடுத்தார்கள். 1989 ஜூலையில் அவர் சொன்னது இரு தரப்புக்கும் பிடிக்கவில்லை: கிடைத்திருக்கும் சான்றுகள் பனி என்ற முடிவையும் தாங்கவில்லை, வெடிப்பு என்ற முடிவையும் தாங்கவில்லை, மறுபடி விசாரிப்பதாலும் பயனில்லை. வாரியமே கலைக்கப்பட்டு, 1990-இல் கனடா போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வந்தது.

பின்னால் வந்த மாற்றங்கள்

ராணுவப் பயணிகள் விஷயத்தில் மாற்றம் வேகமாக வந்தது. 1986-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டத்தின்படி, ராணுவத்தினரை ஏற்றும் தனியார் விமான நிறுவனங்களை ராணுவமே நேரில் போய் ஆய்வு செய்ய வேண்டும். தகுதியில்லாதவற்றை நிறுத்திவைக்க அதற்கென ஒரு வாரியம் வேண்டும். உரிமம் இருந்தால் போதும் என்ற காலம் அதோடு முடிந்தது.

பனி விஷயத்தில் மாற்றம் டிரைடனுக்குப் பிறகுதான். மோஷன்ஸ்கி ஆணையம் 1992-இல் 191 பரிந்துரைகளோடு இறுதி அறிக்கையைத் தந்தது. அதே ஆண்டு மார்ச்சில் நியூயார்க்கின் லாகார்டியாவில் இன்னொரு எஃப்-28, டி-ஐசிங் செய்த பிறகும் நீண்ட நேரம் வரிசையில் காத்திருந்து, மறுபடி பனி படிந்து விழுந்தது. 27 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, டி-ஐசிங் திரவம் எந்த வானிலையில் எத்தனை நிமிடம் தாங்கும் என்ற அட்டவணையும், அந்த நேரம் கடந்தால் இறக்கையை மறுபடி சோதித்தே ஆக வேண்டும் என்ற விதியும் அமெரிக்காவில் வந்தன. கேண்டரில் நின்ற அந்த டிசி-8-க்கு இப்படி ஓர் அட்டவணை இருந்திருந்தால், தூறல் என்ற ஒரு சொல்லே கேள்வியை எழுப்பியிருக்கும்.

நான் மாற்ற நினைப்பவை

சராசரி எடையை எந்தக் கூட்டத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. படைவீரர்கள், விளையாட்டு அணிகள், கனமான கருவிகளோடு வரும் தொழிலாளர்கள் என்று ஒரே மாதிரியான ஆட்கள் நிறைந்த சார்ட்டரில் சராசரி எப்போதும் ஒரு பக்கமே தவறும். ஏறும் முன் ஆளையும் மூட்டையையும் தராசில் நிறுத்துவதற்கு அரை மணி நேரம் பிடிக்கலாம். எண்ணிக்கையைத் தருபவர் யார், அதை லோடு ஷீட்டில் எழுதுபவர் யார், இருவரும் ஒரே எண்ணைத்தான் பார்க்கிறார்களா என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

இறக்கையின் மேற்பரப்பைச் சோதிப்பது பெயர் குறிப்பிட்ட ஒருவரின் வேலையாக இருக்க வேண்டும். விமானத்தைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் பனியைப் பார்க்கவில்லை என்று பிறகு சொல்லும் நிலை வரக் கூடாது. தூறல் மைனஸ் வெப்பநிலையில் விழுந்தால், தரையில் நிற்பவர்களே கேப்டன் கேட்காமல் ஏணியைக் கொண்டுவந்து வைக்கும் அளவுக்கு அது வழக்கமாக வேண்டும். கேபின் பணியாளரோ ஒரு பயணியோ இறக்கையில் ஏதோ மினுக்குகிறது என்றால், அந்தச் செய்தி தடையின்றி விமானி அறைக்குப் போக வேண்டும். டிரைடனில் இது நடக்கவில்லை.

ராணுவத் தரப்பில் ஒரு சிறிய விஷயம், ஆனால் குடும்பங்களை வெகுவாக வதைத்தது. அந்த வீரர்களில் பலரின் மருத்துவ, பல் பதிவேடுகள் அவர்களோடு அதே விமானத்தில் வந்து எரிந்துபோயின. உடல்களை அடையாளம் காணும் பணி டெலவேர் மாநிலத்தின் டோவர் விமானப்படைத் தளத்தில் இரண்டு மாதம் போல நீடித்தது. ஆளையும் அவருடைய அடையாளப் பதிவையும் ஒரே வண்டியில் ஏற்றக் கூடாது. பதிவேட்டின் இன்னொரு பிரதி தளத்திலேயே இருக்க வேண்டும்.

கடைசியாகப் பதிவுக் கருவி. மைக்ரோஃபோன் வேலை செய்கிறதா என்பதைப் புறப்படும் முன் ஒரு பொத்தானை அழுத்தி, முள் அசைகிறதா என்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கேண்டரில் அந்த மைக்ரோஃபோன் உயிரோடு இருந்திருந்தால், விமானிகள் பனியைப் பற்றிப் பேசினார்களா, எஞ்சின் சத்தம் எப்படி இருந்தது, வெடிச் சத்தம் கேட்டதா என்பவற்றில் ஏதாவது ஒன்றுக்காவது பதில் கிடைத்திருக்கும். நாளின் முதல் பயணத்துக்கு முன் அந்தச் சோதனையைச் செய்து ஏட்டில் குறிப்பது கட்டாயமாக வேண்டும். கருவி பேசவில்லை என்றால், அதைச் சரிசெய்யும்வரை பயணிகளோடு அந்த விமானம் கிளம்பக் கூடாது.